கூஜாவில் மீதமிருந்த தண்ணீர்

என் வாழ்நாளில் நான் மலை ஏறியது ஒரே ஒரு நாள். பழனிக்குப் போகலாம், திருப்பதிக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி நின்றுகொள்வேன். முழங்காலில் எனக்கு ஒன்றும் கிடையாது.

எனக்கு ஒரே அக்கா. ஐந்து வயது மூத்தவள். நாங்கள் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருந்தோம். அவளைப் போலகம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அத்தான் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. பிரெஞ்சுக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். கிளம்பும் அன்று காலையில் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் குளித்துவிட்டு, ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அங்கிருந்து வந்த கடிதங்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றாக இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டிருப்பார்.

பிறகு கடிதம் நின்றது. ஏழெட்டு மாதம் கழித்துப் புதுச்சேரி ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா வரை படித்திருந்ததால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அத்தான் பெயருக்கு எதிரே ‘திஸ்பாரு’ என்று போட்டிருந்தது. காணவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்வதற்கு எனக்கு வாய் வர வெகு நேரமாயிற்று. அக்கா கதவோரமாக நின்றுகொண்டு கேட்டாள்.

“செத்துட்டாங்கன்னு போடலியே?”

“இல்லக்கா. காணலன்னுதான் போட்டிருக்கு.”

“காணலன்னா தேடுவாங்கல்ல?”

தேடுவார்கள் என்று சொன்னேன். எனக்கு என்ன தெரியும்.

அதற்கப்புறம் சைகோன் பக்கத்துச் சண்டை முடிந்தது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் சைகோனிலிருந்து திரும்பி வந்தார்கள். அக்கா சொல்லி நான் போய் விசாரித்தேன். அவர்கள் வேறு படைப்பிரிவு, அத்தானைப் பார்த்ததே இல்லை. அதை அக்காவிடம் வந்து சொன்னபோது, அவள் முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரி” என்றாள்.

அக்காவின் மாமியார் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மகனை நினைத்து அந்த அம்மாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அவளுக்கு ஒரே பயம்தான். மகன் உயிரோடு இல்லையென்றால், எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் அவன் தாகத்தோடு எங்கேயோ அலைகிறானே என்று. “கடல் தாண்டிப் போன புள்ளைக்கு ஒரு கை தண்ணி விட நாதியில்லாம வச்சிருக்கோமே” என்று அழுவாள். கொடி மாறிய மறுவருஷம், ஆடி கழிந்ததும், புரட்டாசி மகாளய அமாவாசைக்குள் கருமாதி செய்துவிடுவது என்று வீட்டில் பேச்சு முற்றியது. தர்ப்பையில் ஆள் செய்து கொளுத்திக் காரியம் பண்ணுவது. அதாவது அக்காவின் தாலியை இறக்குவது.

அக்கா அதுவரை எதற்கும் மறுத்துப் பேசியவள் இல்லை. அப்போது ஒன்று மட்டும் கேட்டாள். தெருவில் வளையல் விற்க வரும் அம்மாள் அவளுக்கு ஒரு மலையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். வட ஆற்காட்டுப் பக்கம். உச்சியில் கதவில்லாத ஒரு சின்னக் கோயில். பூசாரி கிடையாது. போகிறவர்கள் தாங்களே சாமிக்குத் தண்ணீர் ஊற்றலாம். வீட்டை விட்டுப் போனவன் திரும்ப வேண்டுமென்றால், அவன் குளித்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் ஏறி, பெண்சாதி தன் கையால் ஊற்ற வேண்டும். அந்த வளையல்கார அம்மாளின் தங்கை மகள் ஊற்றியிருக்கிறாளாம், புருஷன் வந்துவிட்டானாம்.

மாமியார் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: “போய் ஒங்கையால ஊத்திட்டு வா. இந்த அமாவாசையை விட்டுடறேன். அடுத்த வருஷம் பாத்துக்குவம். ஊத்தாம வந்தியோ, அப்புறம் நீ வாயத் தொறக்கப்படாது. பெரியவன் கூட வரட்டும்.”

ஆக, அக்காவுக்கு ஒரு வருஷம் கிடைக்கும். ஒரு கூஜா தண்ணீரை மலை உச்சிக்குக் கொண்டுபோய் ஊற்றினால் ஒரு வருஷம்.

பெரியவன் என்றது அத்தானின் அண்ணன். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். பருத்த உடம்பு, உரத்த குரல், எதையும் கேலி பண்ணாமல் அவரால் பேச முடியாது. அவர் அக்காவுக்கு மூத்தார். எங்கள் வழக்கத்தில் தம்பி பெண்சாதி மூத்தார் எதிரே நிற்க மாட்டாள், முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். வீட்டில் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியாரிடமோ குழந்தைகளிடமோ சொல்லி அனுப்புவாள். பிரயாணத்தில் வேறு ஆள் இல்லை. நான்தான் அக்காவுக்கு வாய். அப்போது எனக்கு இருபது வயது. ஆட்கள் நின்றால் கடைக்குள் நுழையக் கூசி, கூட்டம் கலையும்வரை தெருமுனையில் நிற்கிறவன் நான். அவளுக்கு அமைந்த வாய் அப்படி.

கிளம்பும் அன்று விடியற்காலையில் அக்கா தலை முழுகி, வாய்க்காலில் இறங்கிக் கூஜாவில் தண்ணீர் மொண்டாள். அவள் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் கூஜா. திருகு மூடியை இறுக்கி, மேலே மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினாள். மாட்டு வண்டியில் காரைக்கால், அங்கே ரயில், பேரளத்தில் மாறி, விழுப்புரத்தில் மாறி, அப்புறம் ஒரு மோட்டார் என்று மறுநாள் சாயங்காலம் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கூஜாவை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை. ரயிலில் ஒரு அம்மாள் குழந்தைக்குத் தண்ணீர் கேட்டாள். அக்கா கூஜாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, “வேண்டுதல் தண்ணிங்க” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டோமே என்று அடுத்த ஸ்டேஷன் வரை அவளுக்கு முகம் சரியாகவே இல்லை. நான் இறங்கிப் போய்க் குழாயில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மறுநாள் பொழுது விடிந்தபோதுதான் மலையை நன்றாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் உயரம் என்றால் ஆற்றங்கரை. அதற்குமேல் கோபுரம். கண் பழகாததால் மலை எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்று எதுவும் பிடிபடவில்லை. ஒரு கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது.

பெரியத்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“என்னா மாப்ள, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நம்ம களத்து வைக்கப்போரு மாரியில்ல இருக்கு. பத்து மணிக்கு ஊத்திட்டு, பன்னெண்டுக்குச் சோத்துக்கு வந்துடலாம்.”

அடிவாரத்தில் இட்டிலி விற்ற அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “தண்ணி எடுத்துக்கினு போங்க சாமி. சொரக்குடுக்க தரேன். எறங்கி வந்து குடுத்துட்டுப் போங்க.”

“ஏம்மா, ஒங்க மலையில மழ பேயுமா பேயாதா?”

“பேயும்.”

“பேஞ்ச தண்ணி எங்க போவும்? மலையிலதான ஓடியாகணும்? எங்க ஊர்ல ஒரு வேலி நெலத்தத் தாண்டுறதுக்குள்ள நாலு வாய்க்காலத் தாண்டணும்மா. தண்ணியத் தலையில தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா எங்க ஊரு நண்டு நத்தகூடச் சிரிக்கும்.”

அவள் சிரித்தாள். “ஒங்க ஊரு நண்டு இங்க வந்தா செத்துப்பூடும் சாமி.”

கேலிதான் என்றாலும் அவர் சொன்னதில் எனக்கும் சந்தேகம் தோன்றவில்லை. ஆவணி மாதம். எங்கள் பக்கத்தில் அப்போது கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர். எங்கே போனாலும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுப் போகலாம். தண்ணீரைக் கூடவே சுமந்துகொண்டு நடக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறப்பிலிருந்து தெரியாத சங்கதி.

ஆனால் அக்காவுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்: “தம்பி, நாந்தான் குடிக்க மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் குடுக்கைய வாங்கிக்கச் சொல்லுடா.”

நான் பெரியத்தானைப் பார்த்தேன். அவர் இட்டிலிக்கார அம்மாளிடம் நண்டைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் போய், அவர் வேண்டாம் என்றதை வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டடி போனேன். திரும்பினேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேட்டு அவர் மறுத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். கூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மரநிழலில் பாதை நன்றாகவே இருந்தது. பிறகு கல். படி என்று சொல்ல முடியாது, கால் வைத்து வைத்துத் தேய்ந்த பாறைகள். அரை மணி நேரத்தில் என் ஆடுசதை கல்லாகிவிட்டது. சமதரையில் நாள் முழுக்க நடப்போம். மேலே ஏறுவதற்கு வேறு கால் வேண்டும்போலிருக்கிறது. ஓடையென்று எதுவும் தட்டுப்படவில்லை. ஓடை ஓடியதற்கு அடையாளமாக மணலும் கூழாங்கல்லும் கிடந்தன, அவ்வளவுதான்.

மூன்றில் ஒரு பங்கு ஏறியிருப்போம். அங்கே ஒரு பழைய கல்மண்டபம் இருந்தது. பெரியத்தான் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்துபோயிருந்தது.

“மாப்ள, நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன். இதுக்குமேல ஏறுனேன்னா எனக்கும் சேத்துக் கருமாதி பண்ண வேண்டியதுதான்.” சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீ அக்காவக் கூட்டிக்கிட்டுப் போ. ஊத்துறத கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அம்மாகிட்ட ஓன் வார்த்தய வச்சு நான் சொல்லிக்கறேன்.”

அங்கிருந்து நாங்கள் இருவர்தான். வெயில் ஏறியது. மரங்கள் குறைந்து புல்லும் முள்ளும் பாறையுமாக ஆனது. அக்கா கூஜாவை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் போனாள். முந்தின நாள் இரவிலிருந்து அவள் வாயில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் அவள் நடை தளரவில்லை. நான் வயிறு நிறைய இட்டிலியும் காரச் சட்டினியும் தின்றுவிட்டு அவள் பின்னால் தடுமாறிக்கொண்டு போனேன். இதோ உச்சி என்று ஒரு மேட்டை எட்டுவோம். அதன் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். நாலு தடவை அப்படி ஏமாந்தேன். வியர்வைகூட நின்றுவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கினால் தொண்டையில் முள் இறங்கியது.

அப்போது மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. புருஷன், பெண்சாதி, ஒரு வயதான அம்மாள். அந்தப் புருஷன் நின்று, “எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

“காரைக்கால்.”

“எட்டக்கையிலேர்ந்து வரீங்க. போங்க போங்க, கிட்ட வந்துட்டீங்க.”

அவருடைய வேட்டி ஈரமாக இருந்தது. பெண்கள் இருவரும் கூந்தலை நுனியில் முடிந்து விட்டிருந்தார்கள். முதுகில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது. நான் அதையெல்லாம் பார்த்தேன். இன்றைக்கும் அந்த ஈர முதுகுகள் கண்ணில் நிற்கின்றன. மேலே தண்ணீர் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேர்வை என்று நினைத்தேனோ என்னவோ. ஒன்று மட்டும் நிச்சயம், எங்கள் புத்தியில் தண்ணீர் என்பது கீழே இருப்பது. மேட்டில் விழுந்தது பள்ளத்துக்குப் போய்விடும். கீழேயே இல்லாத தண்ணீர் உச்சியில் எப்படி இருக்கும்? அக்கா தலையைக் குனிந்து ஒதுங்கி நின்றாள். அந்நிய ஆணிடம் அவளும் கேட்க மாட்டாள். கேட்க வேண்டியவன் நான்.

அவர்கள் போன பிறகு ஐம்பது அடிகூட ஏறியிருக்க மாட்டேன். கண் முன்னால் வெளிச்சம் வெள்ளையாகி, பிறகு கறுத்தது. பாறையில் உட்கார்ந்தேனா விழுந்தேனா தெரியவில்லை. அக்கா வந்து என் கன்னத்தைத் தட்டினாள். தன் முந்தானையால் என் தலைக்கு நிழல் பிடித்தாள்.

“என்னடா பண்ணுது? தம்பி, இங்க பாரு. என்னப் பாருடா.”

“தண்ணி” என்றேன். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு சொல் இல்லை. அவளிடம் எந்தத் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவள் யோசிக்கவேயில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள். மூடியைத் திருகினாள். “கையை ஏந்து. ரெண்டு வாய் குடி. மிச்சத்த ஊத்திக்கலாம்.”

கையை ஏந்தினேன். அவள் விட்ட தண்ணீர் விரல் சந்து வழியாகப் பாறையில் விழுந்தது. விழுந்த இடம் தெரியாமல் பாறை குடித்துவிட்டது. அவள் பதறிக் கூஜாவையே என் கையில் கொடுத்தாள்.

“அண்ணாந்து குடிடா. ரெண்டே வாய்.”

அண்ணாந்து குடிக்கத் தெரியாத ஆள் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? மூன்று வயதில் பழக்கிவிடுவார்கள். உதடு பட்டால் சொம்பு எச்சில், அதைத் தனியாகக் கழுவி எடுக்க வேண்டும் என்று திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான். அந்த நேரத்தில் எனக்குக் கழுத்து நிமிரவில்லை. கூஜாவின் வாய் உதட்டுக்கு நேரே வந்ததும் அதைக் கடித்துக்கொண்டு குடித்தேன். பித்தளை நாற்றமும் எங்கள் வாய்க்காலின் சேற்று வாசனையும் கலந்த தண்ணீர். அதைப்போல ருசியான ஒன்றை அதற்கு முன்பும் குடித்ததில்லை, பின்பும் குடித்ததில்லை. இந்த வரியை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது அக்கா கூஜாவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கூஜாவில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. அவள் ஊற்றுவதற்கு அது தாராளமாகப் போதும். வாய் வைத்துக் குடித்த தண்ணீரை அக்கா தம்பிக்குக் கொடுக்கலாம், புருஷன் பெண்சாதிக்குக் கொடுக்கலாம். சாமி தலையில் ஊற்ற முடியாது.

“போதுமா?” என்று கேட்டாள்.

“போதும்.”

கூஜாவை வாங்கி, முந்தானையால் விளிம்பைத் துடைக்கப் போனாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள். மூடியை இறுக்கித் திருகினாள். மஞ்சள் துணியை மறுபடி கட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “எந்திரி” என்றாள்.

அதற்குமேல் ஒரு கால் மணி நேரம் ஏறியிருப்போம். ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் பாதை திரும்பியது. திரும்பியதும் குளிர்ந்த காற்று வந்தது. பாறைக்கு அடியில், குகைபோன்ற ஒரு இடுக்கில், கறுப்பாக ஒரு சுனை. இரண்டு ஆள் உயரம் ஆழம் இருக்கும் என்றார்கள். கைக்கெட்டும் மட்டத்தில் தண்ணீர் நின்றது. இரண்டு பெண்கள் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

“இங்கயா இருந்திச்சு” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுனையில் குனிந்து, வயிறு முட்ட மறுபடியும் குடித்தேன். தாகம் அடங்காமல் இருந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

குளித்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவள் அக்காவின் கூஜாவைப் பார்த்துக் கேட்டாள்: “சாமிக்கு ஊத்தவா தாயி? இதுல மொண்டுக்கினு போயேன். அல்லாரும் இதத்தான் ஊத்துறாங்க.”

“ஊர்ல வேண்டிக்கிட்டது வேறங்க” என்றாள் அக்கா.

“எந்தத் தண்ணியா இருந்தா இன்னா? மனசுதானே தாயி?”

அக்கா எழுந்து கூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

உச்சிக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பாறைமேல் நாலு கல்தூண், மேலே ஒரு பலகைக்கல், நடுவில் சாமி. ஈரம் காயாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. முன்னால் போன யாரோ வைத்த செம்பருத்திப் பூ நழுவிக் கீழே கிடந்தது. வேறு யாருமில்லை. அக்கா கூஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அடித்து அவள் சேலை படபடத்தது. ஊற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான் அவள் தம்பி, குடித்தவன், அந்த ஒரு பாவத்தையும் நானே ஏற்றுக்கொள்கிறேன், ஊற்றக்கா என்று சொல்லியிருந்தால் அவள் கை அசைந்திருக்குமோ என்னவோ. நான் காலடியில் கிடந்த சரளைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கூஜாவைத் தரையில் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்து சுற்றிலும் பார்த்தாள். கீழே எல்லாப் பக்கமும் காய்ந்த நிலம், இடையிடையே கட்டம் கட்டமாக ஏரி.

“நம்ம ஊரு எந்தப் பக்கம்டா?”

எனக்குத் தெரியவில்லை. சூரியன் உச்சியில் நின்றது. உச்சியிலிருந்து கடல் தெரியும், கடலைப் பார்த்தால் திசை தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கடல் தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம் கை காட்டினேன். அந்தப் பக்கமே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கூஜாவில் தண்ணீர் தளும்பிற்று. மூடி இறுக்கியிருந்தும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் இடுப்பிலிருந்து அதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருமுறை கை நீட்டினேன். “வேணாம், பாத்து எறங்கு” என்றாள்.

மண்டபத்தில் பெரியத்தான் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது.

“வந்துட்டீங்களா! மாப்ள, நாக்கு பொரண்டு போச்சுடா. அந்தக் குடுக்கைய வாங்காம வந்த நான் ஒரு மடையன். நீயாவது ஒரு வார்த்த சொல்லப்படாது?” என்று சிரித்தார். அப்புறம் தளும்பும் சத்தம் கேட்டு, அக்காவின் இடுப்பைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “என்னடா, தண்ணி இருக்கு? ஊத்தலியா?”

என்னைத்தான் கேட்டார். வழக்கப்படி என்னைத்தான் கேட்க வேண்டும். ஊத்தியாச்சு, இது சுனைத் தண்ணி என்று சொன்னால் முடிந்தது. அவர் நம்புவார். அவர் சொன்னால் மாமியார் நம்புவாள். அக்காவுக்கு ஒரு வருஷம். வாக்கியம் முழுதாக என் தொண்டையில் இருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவள் கண்ணைக் காட்டினால் சொல்லிவிடலாம் என்று.

அக்கா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, அவருக்கு நேரே வந்து நின்றாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரிடம் பேசினாள்.

“ஊத்தலிங்க. தம்பிக்கு மயக்கம் வந்துடுச்சு. அவனுக்குக் குடுத்துட்டேன். எச்சிலாப் போச்சு.”

பெரியத்தான் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெகு நேரம் தூணைத் தடவிக்கொண்டிருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

“மாப்ள,” என்றார், என்னைப் பார்த்தே. “ஊத்துனதாவே இருக்கட்டும்னு அக்காட்ட சொல்லு. நான் பாத்தேன்னு அம்மாகிட்ட நான் சொல்றேன். எந்தலையில அடிச்சு சத்தியம் வேணும்னாலும் பண்றேன். ஒரு வருஷம் இருக்கட்டும். அதுக்குள்ள என்ன ஆவும்னு யாரு கண்டா.”

“வேணாங்க” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “ஊத்துனா வந்துருவாங்கன்னு இருந்தேன். ஊத்தாத தண்ணிக்கு ஒரு வருஷத்த வாங்கி வச்சுக்கிட்டு நான் எதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?”

கூஜாவை அவருக்கு எட்டுகிற தூரத்தில் கல்லின்மேல் வைத்தாள். “நீங்க குடிங்க. தண்ணியில்லாம கெடந்திருக்கீங்க.”

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு தாங்க முடியாமல் எடுத்தார். அண்ணாந்து, உதட்டில் ஒரு சொட்டுப் படாமல், கடைசி வரை குடித்தார். குடித்து முடித்துக் கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து அவர் மாமியாரிடம் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் அக்காவை ஒரு வார்த்தை ஏசவில்லை. புரட்டாசி அமாவாசைக்கு நாலு நாள் முன்பு ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. ஆறு கரை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் சேலையை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் அழுதுகொண்டு அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நான் சேலையைப் பிரித்து அவள் தோளில் போட்டேன். புதுத்துணி விறைப்பாக இருந்தது. நழுவி நழுவி விழுந்தது.

“நல்லா இழுத்துப் போடுடா, காத்துல பறக்குது” என்றாள். அவள் அழவில்லை. காணவில்லை என்று காகிதம் வந்த நாளிலிருந்து பிடித்துவைத்திருந்த எதையோ மலையிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தவள்போல் இருந்தாள். அதை நிம்மதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஆள் இல்லாத வீட்டுக்கு இருக்கிற அமைதி அது.

பிறகு அவள் தருமபுரத்துக்கு வந்து எங்களோடேயே இருந்தாள். எனக்கு மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. கல்யாணமானது, குழந்தைகள் பிறந்தன. குழந்தைகள் வாய் வைத்துக் குடித்தால் என் மனைவி அதட்டுவாள். நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒரே ஒருமுறை அக்காவிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்கு நான் அந்தக் குடுக்கைய வாங்கச் சொல்லி அவர்ட்ட கேக்கவேயில்ல.”

அவள் கை நின்றது. கிட்டத்தட்ட இருபது வருஷமாக அவளுக்கு அது தெரியாது.

“கேக்கலியா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “கேக்கவேயில்லியா?” என்றாள். அப்புறம் கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காதவன், சொல்லத் தேவையில்லாத இடத்தில் திறந்தேன்.

அக்கா போய் நாலு வருஷமாகிறது. அவள் இறப்பை நானே பதிவேட்டில் எழுதும்படி ஆயிற்று. அத்தான் இறந்ததற்குக் காகிதம் எதுவும் கடைசிவரை வரவில்லை. கருமாதி நடந்தது பதிவேட்டுக்குத் தெரியாது. காகிதம் இல்லாமல் அவளை விதவை என்று எழுத எனக்கு அதிகாரமில்லை. இன்னாரின் மனைவி என்றுதான் எழுத வேண்டும். அப்படியே எழுதினேன். மையை ஒற்றினேன். மூடி வைத்தேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.